கால் ஊன்றாமல்

கார் நுழையாதபடி வாய்க்கால் கரையில் இரும்புத் தூண்கள் நட்டிருந்தார்கள். அறுபது வயதில் சைக்கிள் பழகிய மயிலாத்தாளிடம் கணவர் சென்னியப்பன் சொன்னார்:

"பாலம் வரைக்கும் கால் ஊனாம வா புள்ள. ஊனுனா வண்டிய வித்துப்போடுவேன்."

"நீங்க காருல ரோட்டைச் சுத்தி வாங்க மாமா. அங்க பாக்கலாம்."

சரளைக்கல் தெறித்தது. ஆடுகள் குறுக்கே வந்தன.

"ஒதுங்குங்க சாமி, நிக்க முடியாது."

ஒதுங்கின. பாலத்தில் சென்னியப்பன் கார்க் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

"செயிச்சுட்டே. எறங்கு."

"எறங்க இன்னும் பழகலீங்க."

அவரைத் தாண்டி, கரையோடு போய்க்கொண்டே இருந்தாள். சென்னியப்பன் வேட்டியை மடித்துக்கட்டிப் பின்னால் ஓடினார்.

"புடிக்கட்டுமா புள்ள?"

"தொட்டுறாதீங்க மாமா. நல்லாப் போயிட்டிருக்கறேன்."