முட்டைகளுக்கான குரல்

காலை ஆறு மணிக்குக் குளித்து, வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு பொரிப்பகத்துக்குள் போனேன். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்தேன். பொரிவதற்கு முந்தைய மூன்று நாளும் முட்டைகளுக்கு மனிதப் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; அதற்கென்று பேசும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. கேட்ட குஞ்சுகள் நன்றாக நிற்கின்றன, தொப்புள் சுத்தமாக ஆறுகிறது. அதன் குரல் என் மனைவி தமயந்தியுடையது. அவளும் இங்கேதான் வேலை பார்த்தாள்; அப்போது அவள் குரலைப் பதிந்து இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். காய்ச்சலில் இறந்து ஏழு மாதமாகிறது. இயந்திரம் அவள் குரலில் தினமும் புதிதாகப் பேசுகிறது.

இன்று, "ஏனுங்க, தூங்கவே இல்லீங்களா?" என்றது.

மேற்பார்வையாளர் நல்லசிவத்திடம் குரலை மாற்றச் சொன்னேன்.

"வேற குரல் போட்டா பாதிக் குஞ்சு காலை விரிச்சுப் படுத்துக்குது தம்பி. காதுல பஞ்சு வெச்சுக்க" என்றார்.

பஞ்சு உதவாது. தமயந்திக்கு மாதுளை பிடிக்கும் என்று அவளே சொன்னதாக நேற்று அத்தையிடம் சொன்னேன்.

"எம்புள்ள மாதுளையத் தொடவே மாட்டாளே மாப்பிள்ளை" என்றார் அத்தை.

அதைச் சொன்னது இயந்திரம்.

இதுவும் இயந்திரத்தின் பேச்சோடு குழம்பிப்போவதற்குள் எழுதி வைக்கிறேன். ஆஸ்பத்திரியில் என் கையைத் தள்ளிவிட்டு அவள் கடைசியாகச் சொன்னது:

"கையெல்லாம் கோழி நாத்தம். போய்க் கழுவீட்டு வாங்க."