அமைதி அறைக்கு இழுத்துப்போகும் நாற்காலி

வானவில் விழாவில் தரும் சக்கர நாற்காலிகளுக்குக் கரிசனம் கொஞ்சம் அதிகம். உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு படபடத்தால் போதும், கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தானாகவே முடிவுகட்டி, அவரை நேராக அமைதி அறைக்குக் கொண்டுபோய்விடும்.

திலகவதிக்குக் கூட்டம் நன்றாகவே ஒத்துக்கொண்டது. பறை முழங்கியபோது முதல் விசில் அவளுடையதுதான். ஆனால் பக்கத்து நாற்காலி ரெஜினாவிடம் மனதில் இருப்பதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவளுடைய நாற்காலி முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பியது.

"ரெஜினா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். நாற்காலி மறுபடியும் புறப்பட்டுவிட்டது.

"நில்லு சனியனே, இன்னும் சொல்லியே முடிக்கல."

அமைதி அறையில் மங்கலான விளக்கும் நாலைந்து மெத்தைகளும்தான் இருந்தன. அவள் நாற்காலியைத் திட்டித் தீர்ப்பதற்குள் கதவு திறந்து இன்னொரு நாற்காலி உள்ளே வந்தது. அதில் ரெஜினா, புடவையெல்லாம் ரோஸ்மில்க் சிந்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குக் கூட்டமெல்லாம் பழக்கம்தான்டி" என்றாள் தரையைப் பார்த்தபடி. "நீ ஒண்ணு சொல்லணும்னியே, அதுலேர்ந்து இதைப் பிடிச்சு நிறுத்தவே முடியல."

திலகவதி சிரித்தாள். ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள்.

இதைவிட அமைதியான இடம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல், இரண்டு நாற்காலிகளும் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கின.