மீசையோரத்துக் கசிவு

பிற்பகல் வெயில் திரைச்சீலை வழியே கட்டிலில் விழுகிறது. குறட்டைக்காக வாங்கிய மூச்சுக்கருவியின் முகமூடி மூக்கையும் வாயையும் மூடியிருக்க, கணவர் மல்லாந்து கிடக்கிறார். உட்கார்ந்திருந்தபோது கச்சிதமாக இருந்தது, படுத்ததும் விசிலடிக்கிறது. மனைவி பட்டையை இறுக்க இறுக்கக் கன்னம் பிதுங்குகிறதே தவிர, காற்று நிற்பதாயில்லை. சைக்கிள் டியூபில் பஞ்சர் தேடுவதுபோல் ஓரமெல்லாம் ஈரவிரலால் தடவியவள் மீசையருகே நிறுத்துகிறாள். "இங்கதான் போகுது. இந்த மீசைய எடுத்துத் தொலைங்களேன்." அவர் தலையாட்டி மறுக்கிற வேகத்தில் குழாய் பட்டு டம்ளர் உருள்கிறது. "உங்களுக்கு மீசைதான் பெரிசு. நான் தூங்கி எத்தனை வருஷமாச்சு!" அலுத்துக்கொண்டே, கசியும் இடத்தை உள்ளங்கையால் பொத்தியபடி பக்கத்தில் சாய்கிறாள். விசில் அடங்குகிறது. சற்று நேரத்தில் கர்ரென்று ஒரு குறட்டை கிளம்புகிறது. அவளுடையது. முகமூடிக்கு மேலே அவர் கண்கள் விரிகின்றன. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருக்கிறது, சிரித்தால் கசியும்.