கழுவின மண்

"இந்த மண்ணை யாரு கழுவினது?"

தோட்டத்துக் குழாயடியில் இருந்த பக்கெட்டைப் பார்த்தபடி கேட்டான் தமிழ்க்குமரன்.

"நாந்தான் மாப்ள," என்றாள் மாமியார் தையலம்மாள். "மூட்டையைப் பிரிச்சா ஒரே தூசி. கண்ணாடித் தொட்டியில போடறதாச்சேன்னு, அரிசி களையற மாதிரி நல்லா அலசி வெச்சேன்."

பக்கெட்டுக்குள் கையை விட்டான். காலையில் கடுகு கடுகாக இருந்த மண், எருமை புரண்ட குட்டை மாதிரி கொழகொழவென்று விரலில் ஒட்டியது.

மீன் தொட்டிக்குள் செடி வளர்க்கிறவர்கள் அடியில் பரப்புகிற சத்து மண் அது. உரம் சேர்த்து, உருட்டி, சுட்டு எடுத்தது. கூழாங்கல்லைக் கழுவலாம், இதைக் கழுவவே கூடாது. வந்தபடியே கொட்டிப் பரப்பி, ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்லத் தண்ணீர் விட வேண்டும். அலசினால் உருண்டை உடைந்து சேறுதான்.

"அத்தை, இது கழுவற மண்ணு இல்ல."

"மண்ணுல கழுவற மண்ணு, கழுவாத மண்ணுன்னு வேற இருக்குதா இன்னா? எங்க ஊர்ல வயக்காடு முழுக்க கெடக்குது. நீங்க காசு குடுத்து மெட்ராஸ்லேர்ந்து வரவழைக்கிறீங்க."

மாமியார் வந்த நாளிலிருந்து இதே பேச்சுதான். வேண்டுமென்றே செய்தாளோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை மூலக்குளத்தில் ரோஸ்லின் டாக்டரின் பல் ஆஸ்பத்திரி திறப்பு. முன்னறையில் வைக்கிற தொட்டி இவன் பொறுப்பு. வில்லியனூர்க் கடையில் தங்க மீனும் தீனியும் விற்றுக்கொண்டிருந்தவனுக்கு இதுதான் முதல் பெரிய வேலை. "வெறும் மணல் போட்டா செடி நிக்கும் டாக்டர், படராது. பாய் விரிச்ச மாதிரி புல்லு வேணும்னா இந்த மண்ணுதான்" என்று அவனே பேசிச் சம்மதிக்க வைத்திருந்தான்.

இன்னொரு மூட்டை நாளைக்குள் வந்து சேராது.

வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. அவன் கோபம் அப்படி. போன மாதம் தொட்டி மோட்டார் ஒன்று எரிந்துபோனதற்காக மனைவி தேன்மொழியை வாய்க்கு வந்தபடி பேசினான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு சுத்துக்கேணிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தையலம்மாள்தான் சமாதானம் செய்து கூட்டி வந்தாள். வாசல்படியிலேயே சொல்லியும் விட்டாள்.

"இன்னொரு தபா எம் பொண்ணு அழுதுக்கினு வந்தான்னா, அப்புறம் அனுப்ப மாட்டேன் மாப்ள."

இப்போது தேன்மொழி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

அவள் செய்திருந்தால் இந்நேரம் அவன் கத்தலுக்குத் தெருவே கூடியிருக்கும். மாமியாரை என்னவென்று கத்துவது? பல்லைக் கடித்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கத்தாமல் உட்கார்ந்ததில் மெல்ல யோசனை ஓடியது. உருண்டைதான் உடைந்தது. சத்து பாதிக்கு மேல் இந்தச் சேற்றிலேதானே இருக்கிறது? வயல் மண்ணை அடியில் மெல்லிசாகப் போட்டு, மேலே மணலால் மூடிச் செடி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்களே.

"அத்தை, வூட்டுல பெரிய சல்லடை எங்க இருக்குது?"

"பரண் மேல. இன்னாத்துக்கு?"

"மணல் சலிக்கணும்."

அடுத்த தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு, பருமணல் வாங்கி வந்தான். மூன்று பேரும் உட்கார்ந்து சலித்தார்கள்.

"இதைக் கழுவலாமா, கூடாதா?" என்றாள் தையலம்மாள்.

"இதைக் கழுவித்தான் ஆகணும் அத்தை," என்றான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் தொட்டியை அமைத்தான். அடியில் சேறு, மேலே கனமாக மணல். புல்லைக் கொத்துக் கொத்தாக ஊன்றித் தண்ணீர் விட்டான். டாக்டரிடம் நடந்ததை மறைக்கவில்லை.

"புல்லு புடிக்கலைன்னா, புது மண்ணு போட்டு நானே மாத்தித் தரேன் டாக்டர்."

"சரி. மீன் எப்ப விடுவீங்க?"

"தண்ணி பழகட்டும். இப்ப விட்டா செத்து மிதந்துடும்."

முதலில் இலைகள் பழுத்து உதிர்ந்தன. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடை திறக்குமுன் தினமும் போய்ப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு வந்தான். தையலம்மாளும் ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேன்மொழியும் அவனோடு போனாள். கண்ணாடியோரம் குனிந்தவள் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க."

மணலுக்கு மேல் ஊசி ஊசியாகப் புதுப் புல் கிளம்பியிருந்தது. ஓரத்தில் வேர் ஓடி, தள்ளி இன்னொரு குருத்து.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான் தமிழ்க்குமரன். எத்தனை நாள் கழித்து இப்படி மூச்சு விடுகிறான்.

"அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லு. மண்ணைக் கெடுத்துட்டோமேன்னு நெனச்சிக்கினு இருப்பாங்க. நல்ல வேளை, அன்னிக்கு அவங்களை நான் ஒண்ணும் சொல்லிடல."

தேன்மொழி கண்ணாடியை விட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா அந்த மண்ணைத் தொடவே இல்லைங்க. கழுவினது நான்."

"அப்புறம் ஏன் அவங்க..."

"உங்க வண்டிச் சத்தம் கேட்டதும், எங் கையிலேர்ந்து பக்கெட்டைப் புடுங்கிக்கினு சொல்லுச்சு: 'நீ உள்ள போடி. என்னைத் திட்டுனாருன்னா நான் ஒருத்திதான் பஸ் ஏறுவேன்.'"