பறைக்கு மூட்டிய தீ

கீழ்வேளூருக்குக் கிழக்கே ராக் இசை என்று ஒன்று இருந்தால் அது தன் பத்து விரல்களில்தான் இருக்கிறது என்பது கிடார் ஜெக்கரியாவின் தீர்மானமான கருத்து. கிழக்கே பாதிக்கு மேல் கடல்தான் என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. தைப் பனி இறங்கும் சாயங்காலம். அறுத்த வயலில் விவசாயத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக் கூட்டம். ரோட்டோரம் போலீஸ் ஜீப். அவருடைய இருபத்தைந்து வருட இசைக்குழுவை மூன்று வருடமாகக் கல்யாணத்துக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. டிரம்ஸ் வீரையன் பறையைச் சேர்த்த பிறகுதான் மறுபடி மேடை. மேடைக்குப் பின்னால் அவர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுகிறார். நரைத்த கிருதாவில் வெளிச்சம் ஆடுகிறது. “வாத்தியத்துக்குக் குளிர்ஜுரமா வீரையா? கஷாயம் குடுத்தியா?” “தோலு விறைக்கணும் பாய். இல்லேன்னா பேசாது.” “என் கிடாருக்கு இந்தச் சீராட்டெல்லாம் வேணாம்பா. தொட்டாப் பேசும்.” தொடுகிறார். முதல் பாட்டைத் தொடங்க வேண்டியவர் அவர்தான். மோதிர விரல் கம்பிக்கு வந்து சேர்வதற்குள் மெட்டு அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. மறுபடியும் அப்படியே. “பாய், இன்னிக்குப் பறையிலேயே ஆரம்பிச்சுடவா?” என்று வீரையன் மெதுவாகக் கேட்கிறார். ஜெக்கரியா கிடாரை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு தீயருகே குந்துகிறார். வீரையன் நகர்ந்து இடம் விடுகிறார். பறைக்குப் பக்கத்தில் பத்து விரல்களையும் நீட்டி, திருப்பித் திருப்பிக் காய்ச்சுகிறார் ஜெக்கரியா.