பாதி சீசனில் வந்த கோல்கீப்பர்

ஒற்றைக் காலில் நிற்கும், கண்ணை மூடியிருக்கும், ஆனால் தூங்காது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

கொக்குதான். நத்தைகளிடமே தோற்றுப்போன தவளைக் கால்பந்து அணி, பாதி சீசனில் அதைத்தான் கோல்கீப்பராகச் சேர்த்துக்கொண்டது.

குளக்கரையில் இரண்டு ரசிகர்கள் அதைப் பற்றி வாக்குவாதம் செய்தார்கள்.

"கொக்கண்ணன் வந்த பிறகு ஒரு கோலாவது விழுந்திருக்கா, மாப்ளே?" என்றது சொறித்தவளை.

"விழலை. ஆனா டிஃபென்ஸ்ல நின்ன ரெண்டு பேரையும் காணோமே," என்றது பச்சைத்தவளை.

"புது ஆள் டீமோட செட்டாகக் கொஞ்ச நாளாகும். உனக்கு எப்பவும் குறைதான்."

"செட்டாகாமலா? வந்ததுக்கு ஒரு சுத்து பெருத்திருக்காரே."

"அதுக்குப் பேர்தான்டா ஃபார்ம்."

ஆள் குறைந்ததால், சொறித்தவளையின் மகனை விளையாட வரச் சொல்லி அணியிலிருந்து அழைப்பு வந்தது.

"கொக்கண்ணனுக்குப் பக்கத்திலேயே நிக்கப்போறே. யாருக்குடா கிடைக்கும்?" என்று பூரித்தது அப்பா.

குட்டித்தவளை கோல் பக்கம் பார்த்தது. கொக்கு ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

குட்டித்தவளை நத்தைகளின் அணியில் சேர்ந்தது.