மூன்று கரண்டி உப்பு

செலீனா கோப்பைக்கு மூன்று கரண்டியாக உப்பை அள்ளித் தேத்தண்ணியில் போட்டுக் கலக்கினாள். சீனிப் போத்தல் பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் தொடவில்லை.

"சாறிக் கரையை இழுத்துவிடு பிள்ளை," என்று குசினி வாசலில் வந்து கிசுகிசுத்தாள் அம்மா மாக்கிறட். "உன்ர கம்பஸ் பக்கத்தால வந்த சேர் ஒருத்தராம். படிப்பைப் பற்றிக் கதைக்கவெண்டே மனிசியோட வந்திருக்கிறார்."

"ஓம், ஓம். போன மாதம் உயிலங்குளத்தில இருந்து வந்தவையும் ஆடு வாங்கத்தானே வந்தவை!"

பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு இந்தப் பக்கத்தில் யாரும் வருவதில்லை. பிடிக்காமல் போனால் இரண்டு வீட்டாருக்கும் வெட்கம். நானாட்டான்காரர் காணி விசாரிக்க வந்தார்கள். தையல் மெசின் பார்க்க வந்த ரீச்சர் ஒருத்தி, செலீனாவைத் தன் தோளோடு நிறுத்தி உயரம் பார்த்துவிட்டு மெசினைத் திரும்பியும் பார்க்காமல் போனாள்.

இந்த முறை அம்மா அவளுடைய படிப்பையே தூண்டிலில் குத்திவிட்டாள். அதுதான் செலீனாவுக்குத் தாங்கவில்லை.

வரிச் சட்டத்தில் முதுமாணிப் படிப்பு, கடைசி வருடம். வரி வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு வருடம் வேலை பழகினால்தான் பட்டம் கையில் வரும். மன்னாரில் காணி வழக்குக்கு ஆள் இருக்கிறது, அடிதடி வழக்குக்கும் இருக்கிறது. வரிக்கு ஒருவரும் இல்லை. இடம் பிடித்துத் தரச் சொல்லிப் பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டல் பிரிவுக்கு நாலு கடிதம் போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்த மாதத்தோடு அவளுடைய பதிவும் போய்விடும்.

அவள் தட்டத்தோடு வந்தபோது விருந்தாளி அம்புறோஸ் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டிய மனிதர், மடியில் ஒரு கடிதக் கோவை. அவர் மனைவி சுவரில் மாட்டியிருந்த, கோயிலில் எடுத்த முதல் நன்மைப் படங்களை, செலீனாவும் தம்பிமாரும் வெள்ளை உடுப்பில் நின்ற படங்களை, ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போகவே மனமில்லாதவள் போலப் பார்த்தாள். குடும்பத்தை எடை போடுகிறாளாக்கும் என்று செலீனா பல்லைக் கடித்தாள்.

"ஏன் பிள்ளை வரிச் சட்டத்தை எடுத்தனீங்கள்?" என்று அவர் கேட்டார்.

"சும்மா. பொழுதுபோக."

அவர் சிரித்தார். "கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு வரி விலக்கு, அதுதானே உங்கட ஆய்வு? ஒருத்தரும் தொடாத விசயம்."

அந்தத் தலைப்பை அம்மாவுக்கு முழுதாகச் சொல்லவே வராது. எங்கோ பார்த்து எழுதிப் பாடமாக்கி இவரிடம் சொல்லியிருக்கிறாள்! இரண்டு வருடமாக அதைப் பற்றி யாராவது ஒரு சொல் கேட்கமாட்டார்களா என்று ஏங்கியவள் அவள். கேட்ட முதல் ஆள் மாமனாராகப் பார்க்கிறார்.

"வழக்குப் பேச விருப்பமோ, இல்லாட்டி ஒரு கொம்பனிக்கு ஆலோசனை சொல்ல விருப்பமோ?"

"சமைக்க விருப்பம்."

கதவுக்குப் பின்னால் அம்மா இருமினாள்.

"இங்கிலீசில எழுதுவீங்களோ?"

"கடைக்குச் சாமான் லிஸ்ற் எழுதுவன்."

அம்புறோஸ் ஒரு வாய் குடித்தார். கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். அவர் மனைவியும் குடித்தாள். கண் விரிந்தது. செலீனாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தவள், கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தாள்.

"ஒரு வருசம் கொழும்பில நிக்க ஏலுமோ, பிள்ளை?" அவர் குரல் இப்போது தணிந்திருந்தது. "ஒரு இடம்தான் இருக்கு. நறுவிலிக்குளத்திலயும் ஒரு பிள்ளை இருக்கிறா, அவவும் சட்டம் படிச்சவ. மடுக் கோயிலுக்கு வந்த நாங்கள், ரெண்டு பேரையும் நேரில பாத்திட்டு ஒராளை முடிவு செய்வம் எண்டு..."

கடையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல! செலீனாவின் காது சுட்டது.

"நறுவிலிக்குளத்துப் பிள்ளையையே எடுங்கோ. நான் கொழும்புக்கு வரமாட்டன். ஒரு வருசமில்லை, ஒரு நாளும் வரமாட்டன்."

அவர் பென்சிலை எடுத்தார். கோவையில் ஒரு கோடு கிழித்தார். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு கதவடியில் நின்றாள்.

வெளியே, அவர்கள் வந்த வான் வண்டியை மறித்துக்கொண்டு நின்ற கழுதையைச் சாரதி விரட்டிக்கொண்டிருந்தான். செலீனா வாசல் படலை வரை போனாள். வென்றுவிட்டாள்தான். ஆனாலும் உப்புத் தேத்தண்ணியை முழுதாகக் குடித்த அந்த முகம் அவளை உறுத்தியது.

"அன்ரி, குறை நினையாதேங்கோ," என்றாள். "உங்களில எனக்குக் கோவம் இல்லை. மகனுக்கு வேற இடத்தில பொம்பிளை பாருங்கோ."

வானில் ஏறப் போன அம்புறோஸின் மனைவி காலைக் கீழே வைத்தாள். புருசனைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து செலீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கட கடிதத்தைப் பாத்திட்டு, வரி வழக்குப் பழக்கத்தான் இவர் ஆள் தேடி வந்தவர். எங்களுக்குப் பிள்ளையளே இல்லை, மகள்."